வடசென்னையில் எலுமிச்சை வளர்க்க முழுமையான வழிகாட்டி: உப்புத் தண்ணீர், மாடி வெயில், மார்கழி ஈரம் மூன்றையும் தாண்டி

மாசி வரை தளதளவென்று நின்ற எலுமிச்சை, பங்குனி பிறந்ததும் இலை நுனி கருகத் தொடங்கும். முதலில் அடி இலைகள். நுனியில் பழுப்பு விழுந்து ஓரம் வழியாக உள்ளே இறங்கும். தண்ணீர் போதவில்லை போல என்று இன்னும் இரண்டு குவளை போர் தண்ணீர் ஊற்றுவார்கள். கருகல் கூடும். சித்திரை முடிவதற்குள் குச்சி மட்டும் மிஞ்சும். தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் பக்கத்து மாடிகளில் வருஷா வருஷம் இதைப் பார்க்கலாம். அந்தச் செடிகளில் பெரும்பாலானவை தாகத்தால் சாகவில்லை. வறண்ட மாதங்களில் மண்ணில் மெல்ல மெல்லச் சேர்ந்த உப்பால் சாகின்றன.

சென்னைக்கு ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மி.மீ. அளவில் மழை கிடைக்கிறது. அதில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். தை முதல் வைகாசி வரை சொல்லிக்கொள்ளும்படி மழை இல்லை. அந்த ஐந்து மாதமும் செடி நாம் ஊற்றும் தண்ணீரை நம்பித்தான் இருக்கிறது. வடக்கே மீஞ்சூர் வரை நிலத்தடி நீரில் கடல் நீர் ஏறியிருப்பது பல பத்தாண்டுகளாகத் தெரிந்த விஷயம். கடலோரத் தெருக்களின் போர்களிலும் உவர்ப்பு உண்டு. பழ மரங்களில் உப்பை மிகக் குறைவாகத் தாங்குபவற்றில் எலுமிச்சைக் குடும்பமும் ஒன்று. பக்கத்திலேயே சப்போட்டாவும் தென்னையும் அதே தண்ணீரில் நன்றாக நிற்கும், எலுமிச்சை மட்டும் கருகும். ஆகவே செடி வாங்குவதற்கு முன் தண்ணீரைத்தான் பார்க்க வேண்டும்.

முதல் வேலை: தண்ணீரை அளப்பது

தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும், பேனா போல இருக்கும் டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். வீட்டில் வரும் ஒவ்வொரு தண்ணீரையும் தனித்தனியாக அளந்து எழுதி வையுங்கள்: போர், மெட்ரோ குழாய், லாரித் தண்ணீர், ஆர்.ஓ. கழிவு. போர் தண்ணீரைத் தையில் ஒரு முறை, சித்திரையில் ஒரு முறை அளக்க வேண்டும். நீர்மட்டம் இறங்க இறங்க உப்பு ஏறும்.

மீட்டர் காட்டும் அளவு பி.பி.எம்., அதாவது ஒரு லிட்டரில் இத்தனை மில்லிகிராம் உப்பு. எலுமிச்சைக்கு 700 பி.பி.எம். வரை கவலையில்லை. 700 முதல் 1,300 வரை உள்ள தண்ணீரில் வளர்க்கலாம், ஆனால் கீழே சொல்லும் வடியவிடும் முறை தவறக்கூடாது. 1,300-ஐத் தாண்டினால் நல்ல தண்ணீர் கலக்காமல் ஊற்ற வேண்டாம். 1,800 உள்ள போர் தண்ணீரையும் ஏ.சி. தண்ணீரையும் சரிபாதி கலந்தால் 900-க்கு வந்துவிடும்.

ஏ.சி.யில் சொட்டும் தண்ணீரைச் சாக்கடைக்கு விடுகிறோமே, அது கிட்டத்தட்ட உப்பே இல்லாதது. கடற்கரை ஈரக்காற்றில் ஓர் இரவு ஓடினாலே ஒரு வாளிக்குக் குறையாமல் சேரும். சர்வீஸ் செய்த அன்று வருவதை மட்டும் பிடிக்காதீர்கள், கழுவிய மருந்து அதில் இருக்கும். ஆர்.ஓ. கழிவைப் பற்றி ஆளுக்கொன்று சொல்வார்கள். கணக்கு எளிது. மூன்று லிட்டர் உள்ளே போய் ஒரு லிட்டர் குடிநீர் வந்தால், மீதி இரண்டு லிட்டரில் உப்பு ஒன்றரை மடங்காகிறது. உள்ளே போனது 300 பி.பி.எம். மெட்ரோ தண்ணீர் என்றால் கழிவு 450, தாராளமாக ஊற்றலாம். உள்ளே போனது 1,200 போர் தண்ணீர் என்றால் கழிவு 1,800. அது எலுமிச்சைக்கு விஷம்.

கருவாடு ஊறவைத்த தண்ணீர், மீன் கழுவிய உப்புத் தண்ணீர் எதுவும் தொட்டிப் பக்கமே போகக்கூடாது. அரிசி கழுவிய தண்ணீரால் கெடுதல் இல்லை, ஆனால் அதை உரம் என்று நம்பி இருக்க வேண்டாம்.

எந்தச் செடி, எப்படிப்பட்ட கன்று

நாம் எலுமிச்சம்பழம் என்று சொல்வது தோல் மெல்லிய, உருண்டையான சின்னப் பழம். மேலை நாடுகளின் இருபக்கமும் கூர்ந்த பெரிய மஞ்சள் பழம் வேறு இனம், அதற்கு நம் ஊர் வாகாக இல்லை. நம் இனத்தில் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம். 1 நல்ல தேர்வு. தென்காசிப் பக்கத்துக் கடையம் வகையிலிருந்து தேர்ந்தெடுத்தது. ஆந்திரத்தின் பாலாஜி ரகத்தைச் சொறி நோயை ஓரளவு தாங்குவதாகச் சொல்லி விற்கிறார்கள். விதையில்லா எலுமிச்சை தொட்டியில் சீக்கிரம் காய்க்கும், முள் குறைவு. ஊறுகாய்க்கும் பூஜைக்கும் நாட்டுப் பழத்தின் மணம் அதில் வராது.

விதையிலிருந்து வளர்த்தால் தாய்ச்செடியின் குணம் பெரும்பாலும் அப்படியே வரும். எலுமிச்சை விதையில் ஒன்றுக்கு மேற்பட்ட கரு இருக்கும், அவற்றில் பலவும் தாயின் நகல்தான். ஆனால் காய்க்க ஐந்து முதல் ஏழு வருஷம் ஆகும். பதியன் கன்று, அதாவது தாய்ச்செடியின் கிளையிலேயே வேர்விட வைத்துப் பிரித்த கன்று, இரண்டு மூன்று வருஷத்தில் காய்க்கும், மாடித் தொட்டிக்கு அதுவே சுலபம். ஒட்டுக்கன்று வாங்கினால் அடிச்செடி, அதாவது வேரோடு கீழே இருக்கும் செடி, எது என்று கேளுங்கள். ரங்பூர் எலுமிச்சை அடிச்செடி மற்றவற்றைவிட உப்பைத் தாங்கும். மூவிலை ஆரஞ்சு அடிச்செடி உப்புக்கு மிகவும் பலவீனமானது, வடசென்னைக்கு வேண்டவே வேண்டாம். நாற்றங்காலில் பதில் சொல்லத் தெரியாவிட்டால் பதியனையே எடுத்துக்கொள்ளுங்கள்.

மாதவரம், செங்குன்றம் சாலையோர நாற்றங்கால்களில் காயோடு நிற்கும் கன்றைப் பார்த்ததும் கை நீளும். நீட்டாதீர்கள். சின்னப் பையில் காயைச் சுமந்து நிற்கும் கன்றுக்கு வேர் வளர வலு இருக்காது. இரண்டு அடி உயரம், பென்சில் பருமன் தண்டு, ஒன்றிரண்டு புதுத் துளிர் இருந்தால் போதும். இலையைத் திருப்பிப் பாருங்கள். மஞ்சள் வளையத்துக்குள் கார்க் போலத் தடித்த சொறிப் புள்ளி இருந்தால் அந்தக் கன்று வேண்டாம். ஒட்டுப் போட்ட இடத்துக்குக் கீழே கிளைத்த போத்து இருந்தாலும் வேண்டாம்.

மாடியில் எங்கே வைப்பது, எதில் வைப்பது

200 லிட்டர் பிளாஸ்டிக் ட்ரம்மைக் குறுக்கே பாதியாக அறுத்தால் இரண்டு தொட்டி. எலுமிச்சைக்கு இதைவிடப் பொருத்தமான பாத்திரம் இல்லை. உணவுப் பொருள் வந்த ட்ரம்மாகப் பார்த்து வாங்குங்கள். தொழிற்சாலை இரசாயனம் வந்த ட்ரம்மும் அதே கடையில் அதே நீல நிறத்தில் அடுக்கியிருக்கும். மூடியைத் திறந்து மோந்து பார்த்து, வாசம் இருந்தால் விட்டுவிடுங்கள். அடியில் அரை அங்குல ஓட்டை எட்டு, பக்கவாட்டில் அடியிலிருந்து ஓர் அங்குல உயரத்தில் நான்கு ஓட்டை போடுங்கள். 18 அங்குலத்துக்குக் குறைந்த பையிலும் சிமெண்டுத் தொட்டியிலும் செடி வாழும், ஆனால் சித்திரையில் தினம் இரண்டு வேளை தண்ணீர் கேட்கும்.

வெளிப்பக்கம் வெள்ளை அடியுங்கள். மண்ணின் சூடு 36, 37 டிகிரியைத் தாண்டினால் எலுமிச்சை வேர் வளர்வதை நிறுத்திவிடும். மேற்கு வெயில் படும் கறுப்புப் பையில் அந்தச் சூடு பிற்பகலில் சாதாரணமாக வரும். இலை வாடி, மண் ஈரமாக இருக்கிறதே என்று குழம்புவோம். வேர் வெந்துபோயிருக்கும்.

ஈரமான மண்ணோடு அந்த அரை ட்ரம் ஏறக்குறைய 150 கிலோ. கான்கிரீட் மாடி என்றால் சதுர மீட்டருக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம். சுவர் அல்லது பீம் போகும் இடத்தின் மேல் வையுங்கள். ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை வீடுகள் பலவற்றில் மரத்தூலமும் செங்கல்லும் வைத்துக் கட்டிய மெட்ராஸ் டெரஸ் கூரை இன்னும் இருக்கிறது. அதன் நடுவில் ஒரு தொட்டிகூட வைக்கக்கூடாது, சுற்றுச்சுவரின் மேல் மட்டும்தான்.

தொட்டியை மூன்று செங்கல் மேல் தூக்கி வையுங்கள். அடியில் தட்டு வைக்கவே வைக்காதீர்கள். தட்டில் தேங்குவது வடிந்த உப்பு, வேர் அதைத் திரும்ப உறிஞ்சும். கொசுப்புழுவும் அதில்தான் வரும்.

மண் கலவை

கொத்தனார் சட்டியை அளவாக வைத்துக்கொள்வோம். ஓர் அரை ட்ரம்முக்கு ஏறக்குறைய பத்துச் சட்டி பிடிக்கும்: செம்மண் 4, மக்கிய தொழுவுரம் 2, கழுவிய தென்னைநார்த் துகள் 2, பருமணல் 2. இதோடு வேப்பம் புண்ணாக்கு அரைக் கிலோ, வேர் அழுகலைத் தடுக்கும் நல்ல பூஞ்சையான டிரைக்கோடெர்மா விரிடி 50 கிராம்.

இரண்டு எச்சரிக்கை. கடற்கரை மணலை எத்தனை முறை கழுவினாலும் சேர்க்காதீர்கள், அதில் உப்போடு கிளிஞ்சல் சுண்ணாம்பும் இருக்கிறது. அடுத்தது தென்னைநார்க் கட்டி. கழுவாத கட்டியில் உப்பு நிறைய உண்டு. பலரும் காசு கொடுத்து வாங்கி, நேராகத் தொட்டியில் உப்பைக் கொட்டுகிறார்கள். கட்டியை ஊறவைத்து, பிழிந்து, தண்ணீரை மாற்றி மூன்று முறை கழுவுங்கள். பிழிந்த தண்ணீரின் டி.டி.எஸ்., ஊற்றிய தண்ணீரின் அளவுக்குப் பக்கத்தில் வந்தால் சரி.

தரையில் நடுவதானால்

கடலோரத்தில் மணல், வியாசர்பாடி, கொடுங்கையூர்ப் பக்கம் களி, எங்கும் பொதுவாகக் கட்டட இடிபாடு. குழி வெட்டி எடுத்த மண்ணில் ஒரு பிடி எடுத்து வினிகரை விடுங்கள், எலுமிச்சைச் சாறும் ஆகும். நுரைத்துப் பொங்கினால் சிமெண்டும் சுண்ணாம்பும் கலந்த மண். அதில் நட்டால் துளிர் இலை வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். இரும்புச்சத்து மண்ணில் இருந்தும் வேருக்குக் கிடைக்காத நிலை அது. இரண்டரை அடி நீள, அகல, ஆழக் குழி எடுத்து, அந்த மண்ணை வெளியேற்றி, செம்மண்ணும் தொழுவுரமும் 3க்கு 1 கலந்து நிரப்புங்கள்.

மழையில் தண்ணீர் தேங்கும் தெருவாக இருந்தால் குழியைவிட மேடுதான் முக்கியம். நான்கடி அகலத்தில் ஒன்றரை அடி உயர மேடு கட்டி அதன் உச்சியில் நடுங்கள். எலுமிச்சை வேர் இரண்டு மூன்று நாள் தேங்கிய தண்ணீரில் மூச்சுத் திணறி அழுகத் தொடங்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வடசென்னையில் பல தெருக்களில் தண்ணீர் அதற்கும் மேல் நின்றது. சுவரிலிருந்து ஆறடி தள்ளி நடுங்கள். இரண்டு மரம் என்றால் இடையில் 16 அடியாவது வேண்டும்.

களிமண்ணில் காய்ந்ததும் வெள்ளைப் படிவு தெரிந்தால் சதுர மீட்டருக்கு அரைக் கிலோ ஜிப்சம் தூவி, கொத்திவிட்டு, மழையில் கரைய விடுங்கள். அதற்கு ஏற்ற மாதம் புரட்டாசி.

எப்போது, எப்படி நடுவது

மாடித் தொட்டிக்கு ஆடி, ஆவணி. மழைக்குள் வேர் பிடித்துவிடும். தாழ்வான தரைக்கு வெள்ளம் வடிந்த தை. பங்குனியிலும் சித்திரையிலும் எங்கேயும் நடாதீர்கள்.

மாலையில் நடுங்கள். பையை வெட்டி எடுக்க வேண்டும், இழுக்கக்கூடாது. வட்டமாகச் சுருண்ட வேர் தெரிந்தால் இரண்டு மூன்று இடத்தில் பிளேடால் கீறிவிடுங்கள். பையில் இருந்த மண் மட்டமும் தொட்டி மண் மட்டமும் ஒன்றாக இருக்கட்டும். ஒட்டுப் பகுதி மண்ணுக்கு அரை அடி மேலே நிற்க வேண்டும். தண்டைச் சுற்றி மண்ணைக் குவிப்பது நம் கைப்பழக்கம். எலுமிச்சையில் அது பட்டை அழுகலுக்கு வழி. தொட்டி விளிம்புக்குக் கீழே மூன்று அங்குலம் காலியாக விடுங்கள், தண்ணீர் நின்று இறங்க அந்த இடம் தேவை. ஒரு கொம்பு ஊன்றி எட்டு வடிவில் தளர்வாகக் கட்டுங்கள், கடற்காற்றில் தண்டு ஆடினால் புது வேர் அறும். பத்து நாள் நிழல், பிறகு மெல்ல வெயில்.

முதல் வருஷம் வரும் பூவையும் பிஞ்சையும் கிள்ளிவிடுங்கள். மனசு வராது, ஆனாலும் கிள்ளுங்கள்.

தண்ணீர் விடும் முறை

தினமும் ஒரு குவளை ஊற்றுவதுதான் வடசென்னை எலுமிச்சைக்குச் செய்யும் மிகப் பெரிய கெடுதல். குவளைத் தண்ணீர் மேல் மண்ணை மட்டும் நனைக்கும். செடி நீரை எடுத்துக்கொண்டு உப்பை மண்ணிலேயே விடும். வெயில் மீதியை ஆவியாக்கும். நூறு நாளில் நூறு குவளையின் உப்பும் அந்தத் தொட்டிக்குள்தான் இருக்கும். ஊற்றினால் அடி ஓட்டையில் வடியும் வரை ஊற்ற வேண்டும்.

எவ்வளவு வடிய வேண்டும் என்பது தண்ணீரைப் பொறுத்தது. 500 பி.பி.எம். என்றால் ஊற்றியதில் பத்தில் ஒரு பங்கு. 700 என்றால் ஏழில் ஒன்று. 1,000 என்றால் ஐந்தில் ஒன்றுக்குச் சற்று மேல். 1,300 என்றால் மூன்றில் ஒன்றை நெருங்கும். உப்பு ஏற ஏற வீணாக வடிய வேண்டிய தண்ணீரும் ஏறுகிறது. 1,300-க்கு மேல் வேண்டாம் என்று சொல்வதன் காரணம் இதுதான்.

செடிக்கு எவ்வளவு தேவை? தழையின் குறுக்களவை அளந்துகொள்ளுங்கள். ஒரு மீட்டர் விரிந்த செடி தையில் நாளைக்கு மூன்று லிட்டர் குடிக்கும், அக்னி நட்சத்திரத்தில் ஐந்து லிட்டர். இரண்டு அடி விரிந்த சின்னச் செடிக்கு வெயில் காலத்தில் இரண்டு லிட்டர் போதும். அரை ட்ரம் மண் ஏறக்குறைய 15 லிட்டரைச் செடிக்குக் கொடுக்கும்படி பிடித்து வைக்கும். ஆகவே சித்திரையில்கூட ஒன்று விட்டு ஒரு நாள் ஊற்றினால் போதும். 1,000 பி.பி.எம். தண்ணீரில் ஒரு மீட்டர் செடிக்குக் கணக்கு இப்படி வரும்: இரண்டு நாள் தேவை 10 லிட்டர், வடிய 3 லிட்டர், மொத்தம் 13. ஒரே வீச்சில் ஊற்றினால் ஓரத்து இடுக்கு வழியாக ஓடிவிடும். பாதி ஊற்றி, பத்து நிமிஷம் விட்டு, மீதியை ஊற்றுங்கள்.

காலை ஆறிலிருந்து எட்டுக்குள் ஊற்றுவது நல்லது. மதியம் மாடி சின்டெக்ஸில் இருந்து வரும் முதல் வாளி கை வைக்க முடியாத சூடாக இருக்கும், அதை ஒருபோதும் ஊற்றாதீர்கள். போர் தண்ணீரை இலை மேல் தெளிப்பதும் கூடாது. வேர் வழியே போகும் உப்பைவிட இலையில் காயும் உப்பு வேகமாகக் கருக்கும்.

தரையில் நிற்கும் மரத்துக்கு இரட்டை வட்டப் பாத்தி. தண்டைச் சுற்றி ஓரடிக்கு மேடு, அது உலர்ந்தே இருக்க வேண்டும். அதற்கு வெளியே தழை விளிம்பு வரை பள்ளம், தண்ணீர் அங்கே. மூன்று மீட்டர் விரிந்த மரம் மே மாதத்தில் நாளைக்கு 30 லிட்டர் கேட்கும். மணலில் நான்கு நாளைக்கு ஒரு முறை 120 லிட்டர், களியில் எட்டு நாளைக்கு ஒரு முறை 240 லிட்டர், வடிவதற்கான பங்கு தனி.

மாதம் ஒரு முறை, தொட்டி அடியில் வடியும் தண்ணீரைக் கிண்ணத்தில் பிடித்து மீட்டரை வையுங்கள். 2,500-க்குள் இருந்தால் நல்லது. 3,000-ஐத் தாண்டினால் கழுவ வேண்டிய நேரம். தொட்டியின் கொள்ளளவுக்குச் சமமான நல்ல தண்ணீரை, அரை ட்ரம்முக்கு 100 லிட்டர், ஒரே நாளில் நாலைந்து தவணையாக ஊற்றி வடியவிட்டால் சேர்ந்த உப்பில் சுமார் 80 சதவீதம் போய்விடும். அவ்வளவு நல்ல தண்ணீருக்கு எங்கே போவது என்று கேட்கலாம். நியாயம்தான். 2019 கோடையில் புழல் ஏரியே வறண்டபோது குடிக்கவே லாரிக்கு வரிசை நின்ற ஊர் இது. அப்படிப்பட்ட நேரத்தில் பாதிக் கிளையைக் கவாத்து செய்து இலையைக் குறைத்து, ஏ.சி. தண்ணீரில் மட்டும் செடியை உயிரோடு வைத்திருங்கள். கழுவும் வேலையை ஐப்பசி பார்த்துக்கொள்ளும். 300 மி.மீ. மழை பெய்தால் அரை ட்ரம்மின் வாய்க்குள் 80 லிட்டர் விழும். அதனால்தான் மழைக்காலத்தில் எலுமிச்சைத் தொட்டியை வராந்தாவுக்குள் நகர்த்தக்கூடாது.

கத்திரி வெயிலுக்கு

மூடாக்கு போடாத தொட்டியில் மேல் மண் காயக் காய உப்பு மேலே ஏறிப் படியும். காய்ந்த இலை, தென்னை மட்டைத் துண்டு, கரும்புச் சக்கை எது கிடைத்தாலும் மூன்று அங்குலம் பரப்புங்கள், தண்டிலிருந்து நான்கு அங்குலம் தள்ளி. சித்திரை நடுவிலிருந்து ஆனி நடுவரை மேற்குப் பக்கம் 35 சதவீத நிழல்வலை கட்டலாம். 50, 75 சதவீத வலை வேண்டாம், பூ குறையும். அடித்தண்டுக்கு நீர்த்த சுண்ணாம்பு அடித்தால் பட்டை வெடிக்காது.

காசிமேடு முதல் எண்ணூர் வரை கடலுக்கு ஒரு கிலோமீட்டருக்குள் இருப்பவர்கள் வாரம் ஒரு முறை விடியற்காலையில் நல்ல தண்ணீரால் இலையைக் கழுவுங்கள். கடற்காற்று கொண்டுவரும் உப்பும், எண்ணூர், மணலிப் பக்கத்துத் தூசியும் சாம்பலும் இலையில் படிந்து நிற்கும். தூசி படிந்த இலையில்தான் கோடையில் சிலந்திப் பேனும் பெருகும்.

உரம்

உப்பு மண்ணில் உரமும் ஓர் உப்புத்தான் என்ற நினைப்பு வேண்டும். அடிக்கடி, கொஞ்சம் கொஞ்சமாக. தொட்டிக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை மண்புழு உரம் 2 கிலோ, மாதம் ஒரு முறை கடலைப் புண்ணாக்கு 100 கிராமோடு வேப்பம் புண்ணாக்கு 50 கிராம். புண்ணாக்கை மூன்று நாள் ஊறவைத்து, பத்து மடங்கு நல்ல தண்ணீரில் கரைத்து ஊற்றினால் எறும்பும் எலியும் வராது. பூவும் பிஞ்சும் இருக்கும்போது தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ள 19:19:19 நீரில் கரையும் உரம் லிட்டருக்கு 2 கிராம், இருபது நாளுக்கு ஒரு முறை 2 லிட்டர். காய்ந்த மண்ணில் எந்த உரமும் விடாதீர்கள்.

தரை மரத்துக்கு முதல் ஆண்டில் தொழுவுரம் 10 கிலோ, தழைச்சத்து (நைட்ரஜன்) 200 கிராம், மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சாம்பல்சத்தும் (பொட்டாஷ்) தலா 100 கிராம் என்பது வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை. அது வயலுக்கு. உவர் தண்ணீர் பாயும் இடத்தில் தொழுவுரத்தைக் குறைக்காமல் மற்றதைப் பாதியாக்கி, ஆறு தவணையாகப் பிரியுங்கள். பொட்டாஷ் வாங்கும்போது மியூரியேட் ஆஃப் பொட்டாஷ் வேண்டாம், அதில் குளோரைடு இருக்கிறது. சல்பேட் ஆஃப் பொட்டாஷ் கேளுங்கள். அடுப்புச் சாம்பலும் வேண்டாம், ஏற்கெனவே காரமான மண்ணை அது இன்னும் காரமாக்கும்.

இலையைப் படிக்கத் தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். அடி இலைகள் சீராக வெளிறினால் தழைச்சத்துக் குறை. அடி இலையில் காம்புப் பக்கம் மட்டும் பச்சை ஆப்பு போல நின்று மற்றது மஞ்சளானால் மக்னீசியம். புது இலை சிறுத்து, குறுகி, நரம்புகளுக்கு இடையே மஞ்சள் திட்டு வந்தால் துத்தநாகம். புது இலை முழுவதும் வெளிறி மெல்லிய பச்சை நரம்பு மட்டும் தெரிந்தால் இரும்பு. பழைய இலையின் நுனியும் ஓரமும் காய்ந்து கருகினால் அது உப்பு, அதற்கு எந்த உரமும் மருந்தில்லை. நுண்சத்தை மண்ணில் போடுவதைவிட இலையில் தெளிப்பதே பலன் தரும். ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் துத்தநாக சல்பேட் 5 கிராம், மக்னீசியம் சல்பேட் 5 கிராம், அன்னபேதி எனும் இரும்பு சல்பேட் 2.5 கிராம், போராக்ஸ் 1 கிராம் கரைத்து, துளிர் விரிந்து இன்னும் இளசாக இருக்கும்போது மாலையில் தெளியுங்கள். மார்ச், ஜூலை, அக்டோபர் மூன்று முறை போதும்.

பூவுக்காக வாட்டம் கொடுப்பது

தோட்டக்காரர்கள் சில நாள் தண்ணீரை நிறுத்தி, இலை லேசாகத் தொங்கியதும் மறுபடி பாய்ச்சிப் பூ எடுப்பார்கள். தொட்டியில் இதை ஒரு வாரத்துக்குள் செய்யலாம், ஆனால் 700-க்குக் குறைந்த தண்ணீர் உள்ளவர்கள் மட்டும். உப்பு உள்ள மண் காயும்போது வேரைச் சுற்றி உப்பின் அடர்த்தி பல மடங்காகும். பூ வருவதற்கு முன் வேர் போகும். மற்றவர்கள் மழை நின்ற மார்கழிக் கடைசியில் இயல்பாகக் காயும் சில நாள்களையே வாட்டமாக வைத்துக்கொள்ளுங்கள். தை, மாசியில் பூத்தால் ஐந்தாறு மாதத்தில், ஆடிக் கூழுக்கும் அம்மனுக்கு எலுமிச்சை மாலைக்கும் பழம் தயார்.

பூவில் பெரும்பகுதி உதிர்வது இயல்பு. கையால் மகரந்தம் தடவத் தேவையில்லை. பட்டாணி அளவுப் பிஞ்சு கூட்டமாகக் கொட்டினால் தண்ணீர் ஒரு நாள் கூடி ஒரு நாள் குறைந்திருக்கிறது என்று பொருள். நன்றாகக் காய்ந்த தொட்டியில் திடீரென்று நிறைய ஊற்றினால் முற்றிய காய் வெடிக்கும்.

பூச்சியும் நோயும்

துளிர் இலையில் வெள்ளிக் கோடு போல நெளிந்து, இலை சுருண்டால் இலைத்துளைப்பான். துளிர் விடும்போதே லிட்டருக்கு வேப்பெண்ணெய் 5 மி.லி., சோப்புக் கரைசல் 1 மி.லி. கலந்து, வாரம் ஒரு முறை மூன்று வாரம், வெயில் தாழ்ந்த பிறகு தெளியுங்கள். முற்றிய இலையில் கோடு இருந்தால் பறிக்க வேண்டாம், அந்த இலையும் செடிக்கு உணவு தயாரித்துக்கொண்டுதான் இருக்கிறது.

காக்கை எச்சம் போன்ற புழு இலையில் ஒட்டியிருந்தால் அது எலுமிச்சைப் பட்டாம்பூச்சியின் இளம் புழு. வளர்ந்ததும் பச்சையாகும், இரண்டு நாளில் சின்னச் செடியை மொட்டையாக்கும். கையால் எடுத்துவிடுவதே மருந்து. இதற்குக் கறிவேப்பிலையும் பிடிக்கும், இரண்டும் பக்கத்தில் இருந்தால் இரண்டையும் பாருங்கள். மாவுப்பூச்சி வந்தால் முதலில் எறும்பை நிறுத்த வேண்டும். செங்கல்லைச் சுற்றி எறும்பு மருந்து போட்டு, பூச்சியைத் தண்ணீர்ப் பீச்சால் அடித்து, பிறகு வேப்பெண்ணெய்.

சொறி நோய்தான் மழைக்காலத்தின் பெரிய எதிரி. பாக்டீரியா. மழைச் சாரலில் இலைக்கு இலை தாவும், இலைத்துளைப்பான் போட்ட காயம் வழியாகவும் முள் குத்திய காயம் வழியாகவும் நுழையும். வந்த புள்ளி போகாது, பரவாமல் தடுக்கத்தான் முடியும். புரட்டாசியில், மழைக்கு முன்பே, சொறி உள்ள குச்சிகளை இரண்டு அங்குலம் கீழே சேர்த்து வெட்டி அப்புறப்படுத்துங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தரிக்கோலை ஸ்பிரிட்டில் துடையுங்கள். காப்பர் ஆக்ஸிகுளோரைடு லிட்டருக்கு 3 கிராம், அக்டோபர், டிசம்பர், பிப்ரவரி மாதங்களில் ஒவ்வொரு முறை. மழை விட்டு இலை உலர்ந்த நாளாகப் பார்த்துத் தெளியுங்கள்.

அடித்தண்டில் பிசின் வடிந்து பட்டை கறுத்தால் தண்டை ஒட்டி ஈரம் நின்றிருக்கிறது. மண்ணை விலக்கி, கெட்ட பட்டையை நல்ல பச்சை தெரியும் வரை கத்தியால் சுரண்டி எடுத்து, போர்டோ பசை பூசுங்கள். மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 100 கிராமை அரை லிட்டர் தண்ணீரிலும், நீற்றுச் சுண்ணாம்பு 100 கிராமை அரை லிட்டரிலும் தனித்தனிப் பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, இரண்டையும் ஒன்றாக ஊற்றிக் கலக்க வேண்டும். ஓர் ஆணியை நனைத்து எடுங்கள். செம்பு நிறம் ஏறினால் சுண்ணாம்பு போதாது, இன்னும் சேருங்கள். கலந்த அன்றே பூசிவிட வேண்டும்.

கருகிவிட்ட செடியைக் காப்பாற்ற

இலை எல்லாம் கொட்டிய செடியைத் தூக்கிப் போடுவதற்கு முன் தண்டை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். மேலிருந்து கீழே வந்துகொண்டே சுரண்டுங்கள். பச்சை தெரியும் இடத்துக்கு ஓர் அங்குலம் மேலே வெட்டுங்கள். தொட்டியின் மேல் இரண்டு அங்குல மண்ணை வழித்து எறியுங்கள், உப்பு அங்கேதான் திரண்டிருக்கும். 100 லிட்டர் நல்ல தண்ணீரை இரண்டு மூன்று நாளாகச் சேர்த்து ஒரே நாளில் வடியவிடுங்கள். புது மண் போட்டு மூடாக்கு இட்டு நிழலில் வையுங்கள். உரம் கூடாது, தெளிப்பும் கூடாது. இலை இல்லாத செடி தண்ணீர் குடிக்காது, அதனால் விரல் விட்டுப் பார்த்து இரண்டு அங்குலம் காய்ந்தால் மட்டும் ஊற்றுங்கள். மூன்று முதல் ஐந்து வாரத்தில் துளிர் வரும். ஒட்டுக்குக் கீழிருந்து மட்டும் துளிர்த்தால் அது அடிச்செடி, அதிலிருந்து உங்கள் எலுமிச்சை வராது.

காய் பறிப்பு

சென்னையின் சூடான இரவுகளில் பழம் மரத்திலேயே முழு மஞ்சளாகக் காத்திருக்காது, பல நேரம் அதற்கு முன் உதிரும். தோலின் சொரசொரப்பு போய் வழவழப்பும் பளபளப்பும் வந்து, கரும்பச்சை இளம்பச்சையானால் பறிக்கலாம். அமுக்கினால் லேசாக இளகும். இழுத்துப் பறித்தால் காம்பிடத்தில் தோல் கிழிந்து இரண்டே நாளில் அழுகும், காம்போடு கத்தரித்து எடுங்கள். மழையில் நனைந்த காயைப் பறிக்காதீர்கள், தோலில் எண்ணெய்க் கறை விழும். பறித்த காயை நிழலில் நாலைந்து நாள் பரப்பி வைத்தால் மஞ்சள் ஏறும், சாறும் கூடும்.